வேகாத அரிசி

எங்கள் மிசோ மலைகளில்
உலைக்கு அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடியை
எடுத்துத் தகர டப்பாவில் போடுவார்கள்.
வேளைக்கு ஒரு பிடி. ஞாயிறன்று சபைக்குப் போகும்.
விற்ற காசில்தான் என் பயணச்சீட்டு.

தோஹாவில் ஒன்பது மணி நேரம் காத்திருந்தபோது
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஐஸ்வாலிலிருந்து லா பாஸ் வரை
ஏறக்குறைய அறுபதாயிரம் பிடி.
திரும்பி வருவதற்கான அரிசியை
இன்னும் யாரும் அள்ளவில்லை.

தனியாகவா போகிறாய் என்றவர்களிடம்
தனியாக இல்லை என்று சொல்லிப் பழகியிருந்தேன்.
மேடையில் நன்றாக ஒலிக்கும் அது.
பத்தாகமாயாவில்
சுரங்கத் தொழிலாளிகள் சாலையை மறித்து
பேருந்து நின்றுபோன இரவில்,
அழைக்க வருவதாகச் சொன்ன போதகரின் எண்
அடித்து அடித்து ஓய்ந்த பிறகு,
பற்கள் தந்தியடிக்க
அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல
வாய் கூடவில்லை.

ஊதாச் சோளக் கஞ்சி விற்றுக்கொண்டிருந்தவள்
அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்தாள்.
வா என்று முகவாயால் சொன்னாள்.
எவுலோகியா சோக்கே.
வட்டத் தொப்பி, அடுக்கடுக்காய்ப் பாவாடை,
டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை.
ரோலுபுயி என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து,
தனக்குத் தெரிந்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு
லூப்பே என்று வைத்துவிட்டாள்.

சும்மா உண்ணக் கூசியது.
பையிலிருந்த இரண்டு கிலோ அரிசியில் உலை வைத்தேன்.
ஒரு மணி நேரம்.
தண்ணீர் வற்றியது, ஊற்றினேன். மறுபடி வற்றியது.
தளதளவென்று கொதிக்கிறது,
உள்ளே மணலாய் நறநறக்கிறது.
பானைச் சோற்றுக்கு ஒன்று பதமென்பார்களே,
பதினைந்து எடுத்து நசுக்கிப் பார்த்தேன்.

அவள் சிரித்தாள். கூரையைத் தொட்டுக் காட்டினாள்:
வானம் இங்கே பக்கம்.
தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடும்,
சூடு ஏறுவதற்குள்.
தண்ணீரைச் சொன்னாளோ
என்னைச் சொன்னாளோ.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குக்கர் வந்தது,
விலாவில் நசுங்கல், கைப்பிடிக்குக் கம்பி.
ஆறாவது விசிலில் அறை முழுவதும்
என் ஊர் வாசனை,
அழுதுவிடுவேனோ என்று
வெளியே போய் டயர்களை எண்ணினேன். முப்பத்தொன்று.

நான் கண்மூடும் முன்பே
அவள் கஞ்சியின் முதல் மிடறைத்
தரையில் ஊற்றினாள். மண்ணுக்கு.
இதைக் கண்டால் என்ன பேச வேண்டும் என்று
பயிற்சிப் பள்ளியில் ஒரு வாரம் முழுக்க நடத்தினார்கள்.
குறிப்பேடு பையில் இருந்தது.
பை எட்டும் தூரத்தில் இருந்தது.
கண்ணை மூடினேன்.
வழக்கத்தைவிட நீளமாய்ப் போயிற்று ஜெபம்,
பயத்தையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது.
திறந்தபோது
கரண்டியைத் தொடாமல் காத்திருந்தாள் அவள்.
சோற்றில் ஆவி அடங்கியிருந்தது.

மூன்று நாள்.
இரண்டாம் நாள் அரிசி அளக்கையில்
என் கை தானாய் ஒரு பிடியை ஒதுக்கியது.
யாருக்கு என்று புருவத்தால் கேட்டாள்.
எப்படிச் சொல்வேன்,
எங்கோ தெரியாத ஊரில்
நடுச்சாலையில் நிற்கப் போகிற ஒருத்திக்கு என்று?
என்னையே சுட்டிக் காட்டினேன்.
தலையை ஆட்டினாள். புரிந்ததா, தெரியாது.
காபிப் பொடி டப்பா ஒன்றைக் கழுவிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் விடியலில்
எங்கோ வேட்டுச் சத்தம், பிறகு ஹாரன்கள்.
சாலை திறந்துவிட்டது.
கையில் கறுத்துக் காய்ந்த உருளைக்கிழங்கை
ஒரு பொட்டலம் கட்டித் திணித்தாள்,
கல்லைப் போல் கனமில்லாத கல்.
அணைக்கத் தெரியாமல் இருவரும்
தோளைத் தோளால் இடித்துக்கொண்டோம்.

ஓருரோவுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
சபைக்கு அனுப்ப வேண்டிய முதல் அறிக்கையை
முழங்காலில் விரித்தேன்.
எத்தனை பேரைச் சந்தித்தீர்கள்?
ஒன்று.
எத்தனை பேர் விசுவாசித்தார்கள்?
வெளியே வெறும் பழுப்புச் சமவெளி,
ஒரு லாமா, அதன் காதில் சிவப்பு நூல்.
அதற்கும் ஒன்று என்றே எழுதினேன்.
பெயர் கேட்ட இடத்தில்
பேனா நின்றது,
வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.